சின்னாளபட்டியில் இரண்டு கட்டில்கள்

கோடை வாசத்தின்பொருட்டு மலைக்குச் செல்வோர் கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கியதும் மலையை அண்ணாந்து பார்ப்பது வழக்கம். மலை கண்ணுக்கு இனியதே. ஆயினும், அதே ரயில் மார்க்கத்தில் திண்டுக்கல் பக்கமாய், அம்பாத்துறையை அடுத்த சமவெளியில் நடந்தேறிய காரியமொன்றை நம் வாலிப வைத்தியர்கள் அறிவது அவசியமென்று கருதுகிறோம்.

தொண்டு செய்யும் டாக்டர் என்றவுடன் ஆல்பர்ட் ஷ்வைட்சரின் பெயரைச் சொல்லுவது படித்தவர் பழக்கம். 1913-ல் ஆப்பிரிக்காவில், காபோன் நாட்டு லாம்பரேனேயில் அவர் ஆஸ்பத்திரி ஸ்தாபித்ததும், ஆர்கன் வாத்தியக் கச்சேரிகள் செய்து அதற்குப் பொருள் திரட்டியதும் மெய். ஆப்பிரிக்கரைச் சரிசமானமாக மதிக்கவில்லை என்பது அவர்மீதுள்ள குறை; நியாயமான குறையே. நம் காங்கிரஸ் மகாசபையும் 1938-ல் ஐந்து வைத்தியர்களைச் சீனாவுக்கு அனுப்பிற்று. அவர்களுள் டாக்டர் கோட்னிஸ் 1942-ல் அங்கேயே உயிர் நீத்தார். கடல் கடந்த சேவையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. கப்பலேறாமலே செய்யவேண்டிய சேவையும் உண்டென்கிறோம்.

டாக்டர் சௌந்தரம் அம்மையார், மோட்டார் தொழிலில் பெயர்பெற்ற டி.வி. சுந்தரம் ஐயங்காரின் குமாரத்தி. பால்யத்திலே விவாகம். கணவர் டாக்டர் சௌந்தரராஜன் பிளேக் நோயாளிகளுக்குப் பணி செய்து அந்நோய்க்கே இரையானார். அம்மையார் டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் பயின்று 1936-ல் பட்டம் பெற்றார். 1940-ல் காந்தியடிகளின் ஆசியுடன் ஸ்ரீ ஜி. ராமச்சந்திரனை மறுமணம் புரிந்தார். வைதிகக் குடும்பத்துப் பெண் விதவா விவாகமும் கலப்பு மணமும் ஒருங்கே செய்ய அக்காலத்தில் எவ்வளவு நெஞ்சுரம் வேண்டுமென்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளலாம்.

பட்டணத்தில் வைத்தியம் செய்திருந்தால் பணத்துக்குக் குறைவிராது. அவரோ 1947-ல் நெசவாளர் ஊராகிய சின்னாளபட்டியில் இரண்டே கட்டில்களுடன் பிரசவ சிகிச்சையைத் தொடங்கினார். பிரசவத்தை முதலில் எடுத்ததன் காரணம் வெளிப்படை. கிராமத்தில் கைக்குக் கிடைத்த கத்தியால் தொப்புள் கொடியை அறுப்பார்கள். ஜன்னி கண்டு சிசு மடியும். தாய்க்கு உதிரப் போக்கு நிற்காவிடில், மாட்டு வண்டி டவுன் போய்ச் சேருமுன் பிராணன் போய்விடும். மருந்தைவிடச் சுத்தமான கையும், பக்கத்திலேயே ஒரு டாக்டரும் அங்கே தேவைப்பட்டன. அவ்வாண்டிலேயே காந்திகிராமம் நிறுவப்பட்டது. கிராம சேவிகைகள் பயிற்சி பெற்றுக் கிராமங்களுக்குச் சென்றனர். 1959-ல் ஆத்தூர் வட்டாரத்துக்கென்று தனிச் சுகாதாரத் திட்டமே எழுந்தது. அவ்விரு கட்டில்கள் கஸ்தூரிபா ஆஸ்பத்திரி என்னும் பெரிய வைத்தியசாலையாய் வளர்ந்தன. கைவிடப்பட்ட சிசுக்களுக்கும் அங்கே இடமுண்டு.

இன்று நம் வைத்தியப் பட்டதாரிகளிற் சிலர் கிராமத்தில் பணிபுரிவதாய் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பின் அபராதத்தைக் கட்டி விலகுகின்றனர். வக்கீல் என்ற முறையில், இதில் சட்ட விரோதம் ஒன்றுமில்லையென நாம் சான்று கூறத் தயார். அவர்கள் கூறும் காரணங்கள் யாவும் பொய்யுமல்ல. இராத்திரியில் உடனிருக்க ஒரு நர்ஸும், குடியிருக்க ஒழுகாத வீடும் டாக்டருக்கு அளிப்பது சர்க்காரின் கடமை. நம் ஊழியர்கள் தத்தம் தாலுகாவில் எத்தனை ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்டர் இராத் தங்குகிறார் என்று நேரில் சென்று கணக்கெடுத்து எழுதுவார்களாயின், அதை இப்பத்தியில் பிரசுரிப்போம்.