தண்ணீர் லாரியின் முனகல்

சென்ற இதழில் கியர்பாக்ஸோடு நின்ற விளக்கம், இப்போது ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் மறுமுனைக்கு, அதாவது பின் ஆக்சிலின் நடுவே குடம்போல் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியலுக்கு வருகிறது. ஷாஃப்டின் விசையை வாங்கும் பினியன் என்னும் சிறிய பல்சக்கரம், கிரவுன் என்னும் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருப்பதால், கிரவுனோடு பிணைந்த கூட்டுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன்கள் அந்த வேறுபாட்டை இரு பக்கத்துக்கும் பங்கிட்டுக் கொடுக்கின்றன. 1820களின் இறுதியில் பிரான்சில் ஒனெசிஃபோர் பெக்கூர் நீராவி வண்டிக்காக வகுத்த தத்துவம்தான் இன்றும் நடப்பில் உள்ளது.

கிழக்குக் கடற்கரைச் சாலை தொடங்கும் திருவான்மியூரில், இதன் தேய்மானத்தைத் தண்ணீர் லாரியிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். 12,000 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே 12 டன். அந்தப் பாரத்தோடு ஒவ்வொரு சிக்னலிலும் நின்று கிளம்பும்போது முழு இழுவையும் பினியனின் ஓரிரு பற்களின் மேல் விழுகிறது. ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த 2019-ல் இவற்றுக்கு ஓய்வே இருக்கவில்லை.

சத்தம் எப்போது வருகிறது என்பதே முதல் தடயம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எழும் முனகல் கிரவுன், பினியன் பற்களின் இழுக்கும் முகத்தையும், காலை எடுத்ததும் எழுவது பெரும்பாலும் தளர்ந்த பினியன் பேரிங்கையும், திரும்பும்போது மட்டும் வருவது ஸ்டார் பினியனையும் சுட்டும். கிளம்புகையில் கேட்கும் ‘டக்’ ஒலியை மட்டும் அவசரப்பட்டு டிஃபரன்ஷியலின் தலையில் கட்டக்கூடாது. ஷாஃப்டின் ஜாயிண்ட் தேய்ந்திருந்தாலும் அதே ஒலிதான் வரும்.

வெள்ளம் செய்யும் கேடு இன்னும் நுட்பமானது. ஓடிச் சூடேறிய ஆக்சில் கூடு, 2015 டிசம்பரில் நேர்ந்ததுபோல் தெருவில் தேங்கிய நீரில் அமிழும்போது உள்ளே காற்று சட்டென்று சுருங்கி, பிரீதர் என்னும் மூச்சுத்துளை வழியாகவும் தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அடைப்பானைக் கழற்றினால் கியர் ஆயில் பால் விட்ட காபிபோல் வழியும். அதை அன்றே மாற்றாமல் ஓட்டிய வண்டியில் பேரிங் உருளைகள் துருப்பிடித்துக் குழி விழுகின்றன.

பற்கள் நன்றாக இருந்து பேரிங் மட்டும் போயிருந்தால், பழைய ஜோடியையே பேரிங் மாற்றிப் பூட்டலாம். ஆனால் பல ஆண்டுகள் உரசிப் பழகிய பற்கள் முன்பிருந்த அதே இடத்தில் கவ்வ வேண்டும் என்பதால், ஷிம் என்னும் மெல்லிய தகட்டு வளையங்களின் கனத்தை அளந்து குறித்துவைக்காத மெக்கானிக் புதிய சத்தத்தைச் சம்பாதித்துக்கொள்கிறார். கிரவுனும் பினியனும் ஆலையிலேயே ஒன்றோடொன்று உரசிச் சேர்க்கப்பட்ட ஜோடி. பல் உடைந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் வாங்குவது மிச்சம் அல்ல, இரட்டைச் செலவு. பற்களில் நீலச் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்தால், தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். நுனியில் விழுந்தால் பினியன் இன்னும் உள்ளே செல்ல வேண்டும் என்று பொருள்.

புதுப்பேட்டையில் கழற்றிய வண்டியின் முழு டிஃபரன்ஷியலை வாங்கிப் பூட்டுவது விரைவான வழிதான் என்றாலும், பல் எண்ணாமல் வாங்கலாகாது. 6 பல் பினியனுக்கு 41 பல் கிரவுன் இருந்த லாரியில் 37 பல் கிரவுன் கொண்ட ஜோடியைப் பூட்டினால், நிறை பாரத்தில் கிளம்ப எஞ்சின் திணறும். கியர்பாக்ஸிலிருந்து கணக்கெடுக்கும் மீட்டர் 40 காட்டும்போது லாரி 44-ல் ஓடிக்கொண்டிருக்கும்.

(தொடரும்)