வலியை மறைத்து ஓடலாமா? டிரையத்லான் வீரர்களின் முழங்காலும் உரிமைகளும்

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றையும் இடைவிடாமல் அடுத்தடுத்து முடிக்கும் போட்டி டிரையத்லான் எனப்படும். அதன் நெடுந்தூர வடிவங்களுள் ஒன்றான அயர்ன்மேன் 70.3, 1.9 கி.மீ. நீச்சலும் 90 கி.மீ. மிதிவண்டியும் 21.1 கி.மீ. ஓட்டமும் கொண்டது, இந்தியாவில் இது 2019ஆம் ஆண்டு கோவாவில் முதன்முதலாக நடந்தது. ஏற்கெனவே முழங்கால் பழுதுள்ள ஒருவர் இதற்கு ஆயத்தமாவது தவறன்று. வலியை மறைத்துக்கொண்டு ஆயத்தமாவதே தவறு.

எந்த அசைவு முழங்காலை வருத்துகிறது என்பதற்குத் திருத்தணி முருகன் கோயிலின் 365 படிகள் நல்ல சான்று. ஏறும்போது மூச்சு வாங்கினாலும், மூட்டைச் சோதிப்பது பெரும்பாலும் இறக்கமே. உடலின் எடையைத் தாங்கிப் பிடிக்கும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே சுருங்க முயல்வதால், முழங்காற்சில்லு தொடை எலும்பின்மீது கடுமையாக அழுந்துகிறது. எனவே சில்லுப் பகுதியில் வலி உள்ளவர்கள் படியேறிவிட்டு வாகனத்தில் இறங்குவது அறிவுடைமை. மிதிவண்டியின் இருக்கை மிகத் தாழ்ந்திருந்தாலும் அதே அழுத்தம் கூடும், தவளை நீச்சலின் உதைப்போ மூட்டின் உட்புறத் தசைநாரை இழுக்கும்.

உண்மையான இடர் மருந்துப் பெட்டியில் இருக்கிறது. டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால், வெயிலில் பல மணி நேரம் வியர்த்து நீரிழந்த உடலில் சிறுநீரகப் பாதிப்பு நேரலாம். அளவுக்கு மீறி நீர் குடிப்பவருக்கு இரத்தத்தில் சோடியம் குறையும் அபாயத்தையும் அவை கூட்டக்கூடும். டைக்ளோஃபெனாக்கை மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாது என்ற விதி கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் தெரிந்தே மீறப்படுகிறது.

மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி இன்னொரு சிக்கல். 2022 ஜனவரி 1 முதல், உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி, எவ்வழியில் செலுத்தப்பட்டாலும் அவ்வகை ஊசிகள் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டவை. மருத்துவத் தேவை உண்மையானதெனில், சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு எனப்படும் அனுமதியைப் பெற வழியுண்டு. ஆகவே போட்டித் தேதியை மருத்துவரிடம் சொல்லாமல் ஊசி போட்டுக்கொள்வது விளையாட்டு வாழ்வுக்கே கேடாகலாம்.

உரிமைகளைப் பொறுத்தவரை, எந்தச் சிகிச்சையின் நன்மை, தீமை, மாற்று வழி ஆகியவற்றையும் கேட்டறிந்த பின்னரே ஒப்புதல் தர வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் தெளிவுபடுத்தியது. சிகிச்சைப் பதிவேடுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டுமென 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. எம்.ஆர்.ஐ. படமும் அறிக்கையும் கையில் இருந்தால்தான் வேறொரு எலும்பியல் மருத்துவரின் கருத்தைக் கேட்க முடியும்.

திருத்தணிக்கு எல்லைப்புற ஊர் என்ற தனிச்சிக்கலும் உண்டு. நீண்ட மிதிவண்டிப் பயிற்சிக்கு ஆந்திரத்தின் நகரி பக்கம் செல்வோர் மாநில எல்லையைக் கடக்கின்றனர். சாலை விபத்தில் சிக்குவோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் தமிழ்நாட்டின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் தமிழ்நாட்டு எல்லைக்குள் நேரும் விபத்துகளுக்கே உரியது. மோட்டார் வாகன விபத்தெனில், 2025இல் அறிமுகமான மத்திய அரசுத் திட்டம் நாடெங்கும் ஏழு நாள்களுக்குள் ரூ.1.5 லட்சம் வரை பணமில்லாச் சிகிச்சைக்கு வழிசெய்கிறது. விபத்து ஆந்திரத்தில் நேர்ந்தாலும், இழப்பீட்டு வழக்கைப் பாதிக்கப்பட்டவர் தாம் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே தொடரலாம்.

காயமுற்றவர் போட்டியிலிருந்து விலகினால் பதிவுக் கட்டணம் திரும்பத் தரப்படுமா என்பதைப் பதிவுக்கு முன்பே விதிமுறையில் படித்துக்கொள்க. சேவைக் குறைபாடு நிகழ்ந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்கலாம். திருத்தணியில் வசிப்போர் இரண்டு ஆண்டுகளுக்குள் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம், செலுத்திய தொகை ரூ.5 லட்சத்துக்கு மேற்படாதெனில் அதற்குக் கட்டணமும் இல்லை.