எல்லை கடந்த நீதி

ஒரு நாட்டில் நிகழ்ந்த குற்றத்தை அந்நாட்டு நீதிமன்றமே விசாரிக்கும் என்பது பொதுவிதி. ஆயின், குற்றம் புரிந்தவரே நாட்டை ஆள்பவராகவும், காவலரும் நீதிபதியரும் அவருக்குக் கட்டுப்பட்டவராகவும் இருந்தால் பாதிக்கப்பட்டோர் எங்குச் சென்று முறையிடுவர்? இவ்வினாவிற்கு விடையாக வளர்ந்ததே 'உலகளாவிய நீதி அதிகாரம்' என்னும் கோட்பாடு. போர்க்குற்றம், இனப்படுகொலை, சித்திரவதை போன்ற கொடுங்குற்றங்கள் எங்கு நிகழ்ந்தாலும், அவற்றைப் புரிந்தவர் எந்நாட்டவராயினும், அவரைப் பிறநாட்டு நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்பது இதன் சாரம். எந்த நாட்டுக்கும் உரிமையில்லாத நடுக்கடலில் கொள்ளையடித்தவரை, பிடித்த நாடே தண்டிக்கலாம் என்ற பழைய வழக்கம் இதற்கு வேராக அமைந்தது.

ஏட்டில் எளிதாகத் தோன்றும் இக்கோட்பாடு நடைமுறைக்கு வருவது எத்துணை அரிது என்பதை ஆப்பிரிக்காவின் சாட் நாட்டு வரலாறு காட்டுகிறது. அந்நாட்டை 1982 முதல் 1990 வரை ஆண்டவர் ஹிசேன் ஹாப்ரே. அவருடைய உளவுக் காவல்துறை ஆயிரக்கணக்கானோரைச் சிறையிலிட்டு வதைத்தது. தலைநகரில், பிரெஞ்சு ஆட்சிக்கால நீச்சல் குளம் ஒன்று கான்கிரீட்டால் மூடப்பட்டு நிலத்தடிச் சிறையாக்கப்பட்டிருந்தது. அவ்வாட்சியில் ஏறத்தாழ 40,000 பேர் கொல்லப்பட்டிருக்கலாம் எனப் பின்னர் அமைந்த விசாரணை ஆணையம் மதிப்பிட்டது. 1990இல் ஆட்சியை இழந்த ஹாப்ரே, செனகல் நாட்டின் டக்கார் நகருக்குத் தப்பிச் சென்று வசதியாக வாழ்ந்தார்.

சிறையிலிருந்து உயிருடன் மீண்டோர் அவரை மறக்கவில்லை. நூற்றுக்கணக்கானோரின் வாக்குமூலங்களை எழுதித் திரட்டி, ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்துக் காத்தனர். 2000ஆம் ஆண்டில் டக்கார் நீதிமன்றத்தில் முறையிட்டனர். மறு ஆண்டில், கைவிடப்பட்ட உளவுத்துறை அலுவலகத்தில் ஆயிரக்கணக்கான ஆவணங்கள் சிதறிக் கிடக்கக் கண்டெடுக்கப்பட்டன. சிறையில் இறந்தோரின் பெயர்களை அத்துறையே எழுதி வைத்திருந்தது! வதைத்தவர்களின் பதிவேடே அவர்களுக்கு எதிரான சான்றாயிற்று.

எனினும், வெளிநாட்டில் நிகழ்ந்த குற்றத்தை விசாரிக்கத் தமக்கு அதிகாரமில்லை எனச் செனகல் நீதிமன்றங்கள் கைவிரித்தன. பாதிக்கப்பட்டோர் பெல்ஜியத்தை நாடினர். அந்நாடு 2005இல் பிடியாணை பிறப்பித்தும் செனகல் அவரை ஒப்படைக்கவில்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்ற நாடு, குற்றம் சாட்டப்பட்டவரை விசாரிக்க வேண்டும். இல்லையேல் விசாரிக்கும் நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும் என 2012இல் பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின், ஆப்பிரிக்க ஒன்றியத்தின் துணையோடு டக்காரில் சிறப்பு நீதிமன்றம் அமைந்தது. 2015இல் விசாரணை தொடங்கியபோது, அம்மன்றத்தை ஏற்க மறுத்த ஹாப்ரே வலுக்கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டார். தலைப்பாகையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து வாய்திறவாமல் அமர்ந்திருந்தார். 2016 மே 30இல் அவருக்கு ஆயுள்தண்டனை விதிக்கப்பட்டது.

இவ்வெற்றியைக் கொண்டு, ஆள்வோர் அனைவரும் இனிச் சட்டத்திற்கு அஞ்சுவர் என முடிவுகட்டுதல் தகாது. ஹாப்ரே பதவியிழந்தவர், அவரைக் காக்க வல்லரசு எதுவும் அப்போது முன்வரவில்லை. பதவியிலிருக்கும் வெளியுறவு அமைச்சரைப் பிறநாட்டு நீதிமன்றம் கைதுசெய்ய ஆணையிட இயலாது எனப் பன்னாட்டு நீதிமன்றம் 2002இல் கூறியது. நாட்டுத் தலைவர்களுக்கும் அவ்விலக்குரிமை உண்டு. ஸ்பெயின் நீதிபதியின் பிடியாணையால் 1998இல் இலண்டனில் கைதான சிலி நாட்டின் முன்னாள் அதிபர் பினோசே, உடல்நலக் குறைவு என்னும் காரணத்தால் 2000இல் தாயகம் திரும்பினார்.

ஹாப்ரேவின் மேல்முறையீட்டில் தண்டனை 2017இல் உறுதியாயிற்று. பாதிக்கப்பட்ட 7,396 பேருக்கு இழப்பீடும் ஆணையிடப்பட்டது. 2021இல் கொரோனா தொற்றால் அவர் இறந்த நாள்வரை, அவ்விழப்பீட்டில் ஒரு காசும் அவர்களுக்கு வந்து சேரவில்லை.