தொட்டில் துணியும் வீண் அச்சமும்

குழந்தை பிறக்கும் முன்னர் அதற்கெனத் துணிமணி சேர்த்தல் ஆகாது, கண்ணேறு படும் என்னும் அச்சம் நம் கிராமத்து வீடுகளில் நெடுநாளாய் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றிலும் அது முற்றிலும் நீங்கியபாடில்லை. விளைவு யாது? வலி கண்டபின், கைக்கு அகப்பட்ட பழம்புடவையைக் கிழித்தெடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுகின்றனர். அது துவைத்ததா, நன்கு உலர்ந்ததா என்று பார்க்க அவ்வேளையில் எவருக்கும் பொழுதில்லை.

சிசு நனைந்த மேனியோடு பிறக்கின்றது. அவ்வீரம் காயும்போது உடற்சூட்டையும் கவர்ந்து செல்கின்றது. நமது வெயில் நாட்டிலும் இது நிகழும். உடல் வெப்பம் 36.5 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது சிசுவுக்குத் தீங்கு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. மாதம் நிறையாத குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆதலின், ஒரு துணியால் உடனே துடைத்து, நனைந்ததை அகற்றி, தாயின் மார்போடு சேர்த்துக் கிடத்தி, வேறோர் உலர்ந்த துணியால் போர்த்துதல் வேண்டும். முதற் குளியலும் 24 மணி நேரம் கழிந்த பின்னரே நல்லது.

2015ஆம் ஆண்டில் தமிழக அரசு, அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கென 16 பொருள்கள் அடங்கிய பெட்டகம் வழங்கத் தொடங்கியபோது, துண்டும் உடையும் அதில் இடம்பெற்றன. ஆயினும் அது பிறந்தபின் கிடைக்கும் பரிசு. பிறக்கும் வேளைக்கான துணியை வீட்டிலேயே ஆயத்தம் செய்தல் நலம்.

பலமுறை துவைத்து மென்மையான பருத்தி வேட்டியே சிசுவின் மேனிக்கு உகந்தது. அதனை வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, ஓரம் மடித்துத் தைத்து, எட்டாம் மாதத்திலேயே தூய பையில் கட்டி வையுங்கள்.

மடியிலும் பாயிலும் விரிக்கப் பிளானல் விரிப்பு ஒன்றும் தைக்கலாம். பிளானல் சுருங்கும், எனவே முதலில் துவைத்துவிடுங்கள். 8 அங்குலச் சதுரங்களாக 50 துண்டுகள் வெட்டி, இரண்டிரண்டாக அடுக்கிக் குறுக்கே தையலிடுங்கள். வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசைகளை, அரை அங்குலம் விட்டு, ஓரங்கள் யாவும் ஒரே பக்கம் நிற்குமாறு இணைத்தால் 36 அங்குலச் சதுரம் அமையும். சுற்றிலும் அரை அங்குலம் உள்ளே ஒரு தையல் ஓட்டுங்கள். பின்னர், தையலை வெட்டாது ஓரங்களைக் கால் அங்குலத்துக்கு ஒன்றாக நறுக்கித் துவைத்தால் நூல் பிரிந்து பூப்போல் மலரும். உதிரும் நூல் சிசுவின் விரலில் சுற்றி இறுக்கக்கூடும்; இருமுறை துவைத்து உதறியபின்னரே பயன்படுத்துங்கள். உறங்கும் குழந்தையின் முகத்தருகே இவ்விரிப்பு வேண்டாம். பிளானலில் தீ விரைந்து பற்றும். அடுப்பும் சாம்பிராணித் தணலும் எட்டவே இருக்கட்டும்.

பெத்லகேமில் பிறந்த பாலனை அன்னை மரியாள் துணிகளில் பொதிந்து கிடத்தினார் எனப் புனித லூக்கா எழுதுகின்றார். விடுதியில் இடமில்லை, தொட்டிலும் இல்லை. துணி மட்டும் இருந்தது. நெடுவழி நடந்த ஏழைத் தாய் அதனை முன்னரே எண்ணி எடுத்து வந்திருத்தல் வேண்டும். முன்னேற்பாடு அன்பின் செயலேயன்றி, குறை வருவிக்கும் குற்றமன்று.

தையல் அறிந்த தாய்மாரே, உங்கள் தெருவில் நிறைமாதமாய் இருக்கும் ஏழைப் பெண் எவளேனும் உண்டா? அவளுக்கென இரு வெள்ளைத் துணிகளை இவ்வாரமே தைத்துக் கொடுங்கள்.