சாம்பலுக்கு அடியில் பிழைத்தவை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 1980 மே 18 காலை 8.32 மணிக்கு வெடித்தது. வடபக்கம் அப்படியே சரிந்து, மலையின் உயரம் 400 மீட்டர் குறைந்தது. பக்கவாட்டில் சீறிய அனல், சுமார் 600 சதுர கிலோமீட்டர் காட்டைச் சாய்த்தும் கருக்கியும் போட்டது. 57 பேர் இறந்தனர். எல்க் மான்களும் கரடிகளும் தப்பவில்லை.

இனி எல்லாம் வெளியிலிருந்துதான் வந்து சேர வேண்டும் என்று தோன்றியது. ஆனால் பல உயிர்கள் அங்கேயே பதுங்கியிருந்தன. மே மாதம் என்பதால் மேல்சரிவுகளில் பனி உருகவில்லை. அதனடியில் புதைந்திருந்த மரக்கன்றுகள் பிழைத்தன. ஏரிகளின் மேல் உறைந்திருந்த பனிக்கட்டி மீன்களைக் காத்தது. இரவில் இரை தேடும் சிறு பிராணிகள் விடிந்ததும் வளைக்குள் போய்விட்டன. இதே வெடிப்பு ஆகஸ்ட் மாத இரவொன்றில் நிகழ்ந்திருந்தால் கதையே வேறு. ஓர் இயற்கைச் சீற்றத்தின் விளைவை அதன் வேகம் எந்த அளவு தீர்மானிக்கிறதோ, அதே அளவு அது வந்த வேளையும் தீர்மானிக்கிறது.

எனக்குப் பிடித்த பாத்திரம் கோஃபர். வளை தோண்டி வாழும், எலி போன்ற பிராணி. பழைய மண்ணைச் சாம்பலுக்கு மேலே தள்ளியது. அந்த மண்ணோடு செடிகளின் வேருக்குத் துணைநிற்கும் பூஞ்சைகளும் மேலே வந்தன. அதன் வளைகள் சாலமாண்டர்களுக்கும் ஒதுங்கிடமாயின.

எதுவும் மிஞ்சாத நுரைக்கல் வெளியில் சில ஆண்டுகளில் லூப்பின் செடி முளைத்தது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பது. புழுக்கள் அதைத் தின்று தீர்த்ததால் பரவல் பல இடங்களில் தடைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். நிலச்சரிவின் மேடுபள்ளங்களில் உருவான நூற்றுக்கும் மேற்பட்ட குட்டைகளில் தேரைகள் பெருகின. அடர்காட்டில் காணாத திறந்தவெளிப் பறவைகள் வந்தன.

1982-இல் சுமார் 1,10,000 ஏக்கர் நிலம் இயற்கையின் போக்கில் விடப்பட்டது. அதற்கு வெளியே, சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்தி ஊசியிலை மரங்களை வரிசையாக நட்டார்கள். மரம் வேகமாக வளர்ந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் நிழல் கவிந்ததும் பூச்செடிகளும் அவற்றை நம்பிய உயிர்களும் அங்கே ஒடுங்கிவிட்டன. சாய்ந்த மரமும் பட்டுப்போன மரமும் பூச்சிக்கு உணவு, பறவைக்குக் கூடு, கன்றுக்கு நிழல். பேரிடர் முடிந்த மறுநாளே காட்டைச் சுத்தம் செய்யக் கிளம்பும் பழக்கத்தை எந்த நாட்டு வனத்துறையும் கைவிடலாம்.