படைநிலமும் பறவையும்

போர்ப் பயிற்சிக்கென ஒதுக்கப்பெற்ற நிலம் அருகிவரும் உயிரினத்துக்குப் புகலிடமாதல் இயலுமோ? குண்டு வெடிக்கும் இடத்திற் பறவை குடியிருக்குமோ என ஐயுறுதல் இயல்பே. ஆயினும், ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் 1918 இல் நிறுவப்பெற்ற பிராக் படைத்தளத்தின் வரலாறு அஃது இயலும் என்பதைக் காட்டுகின்றது.

தென்கிழக்கு அமெரிக்காவில் முற்காலத்தில் ஏறக்குறைய ஒன்பது கோடி ஏக்கர் பரப்பில் நீண்ட ஊசியிலைப் பைன் காடுகள் செழித்திருந்தன. உழவும் மரவணிகமும் அவற்றை அழித்தன. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நூற்றுக்கு மூன்று பங்களவே எஞ்சிற்று. அக்காட்டை நம்பி வாழ்ந்த ஒருவகை மரங்கொத்தியும் அருகிற்று. ஆணின் தலையின் இருமருங்கும் சிறு செங்கீற்றுடைய அப்பறவை, பட்டமரத்தை நாடாது, முதிர்ந்த உயிருள்ள பைன் மரத்தையே குடைந்து பொந்தமைக்கும். ஒரு பொந்து முற்றுப்பெறப் பல ஆண்டுகள் செல்வதுமுண்டு. பொந்தைச் சூழக் கொத்திய துளைகளினின்று வழியும் பிசின் பாம்புகளை அணுகவிடாது.

இக்காடு நிலைபெறுதற்குத் தீ இன்றியமையாதது. இளம் பைன் தீயைத் தாங்கும். ஓக் முதலிய மரங்களின் கன்றுகள் தாங்கா. தீயில்லையேல் அவை பொந்தின் உயரத்துக்கு வளர்ந்து நெருங்கப் பறவை இடம்பெயரும். பிராக் தளத்தில் ஏர் நுழையவில்லை; பீரங்கிக் குண்டுகளோ இடையிடையே தீ மூட்டின. இங்ஙனம் எவரும் கருதாமலே காடு காக்கப்பட்டது.

ஆயினும் தற்செயலான காப்பு போதவில்லை. 1970 இல் இப்பறவை அழிவை எதிர்நோக்கும் இனமெனச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டது. 1990 அளவில், பொந்துமரங்களை அண்டிய இடங்களிற் பயிற்சி கட்டுப்படுத்தப்படவே, படையின் தேவைக்கும் சட்டத்துக்கும் முரண்பாடு தோன்றிற்று. பயிற்சியின்றிப் படையில்லை, அழிந்த இனமோ மீளாது. இரண்டில் எதனைக் கைவிடுவது?

ஒன்றையும் கைவிடாத வழி காணப்பட்டது. தளத்தினுள் முறைப்படி தீயிட்டுக் காடு பேணப்பட்டது. செயற்கைப் பொந்துகளும் அமைக்கப்பட்டன. 1995 இல் தொடங்கிய திட்டத்தால் அயல்நில உடைமையாளரும் துணைநின்றனர். தம் நிலத்திற் பறவை பெருகினும் அதனாற் புதிய தடை வாராது என்னும் உறுதி அவர்க்கு அளிக்கப்பட்டது. பறவை பெருகப் பெருகப் பயிற்சித் தடைகளும் தளர்ந்தன. 350 குடும்பங்கள் என்னும் இலக்கு, எதிர்பார்த்ததற்கு ஐந்தாண்டு முன்னரே, 2006 இல் எய்தப்பெற்றது. 2024 இல் இவ்வினம் அதனினும் குறைந்த இடர்நிலைக்கு மாற்றப்பட்டது.

படைநிலங்களின் இயற்கை வளம் பேணுதற்கென 1960 இல் இயற்றப்பெற்ற சைக்ஸ் சட்டம், 1997 இல் திருத்தப்பெற்று, வளமிக்க தளங்கள் யாவும் பேணற்றிட்டம் வகுத்தலைக் கட்டாயமாக்கிற்று. வேலி காட்டை ஏரினின்று காத்தது. அறிவும் பொறுப்புமே அதனை வாழவைத்தன. காவல் வேறு, பேணல் வேறு என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாம்.