அழகுக்கும் ஓர் அளவு உண்டு!

தேர் சொல்லித் தரும் பாடம்

செங்கல்பட்டில் இருந்து மாமல்லபுரம் போகும் வழியில் திருக்கழுக்குன்றம் இருக்கிறது. மலை மேலே வேதகிரீசுவரர் கோவில். சித்திரைத் திருவிழாவில் அங்கே தேரோட்டம் நடக்கும். ஊரே கூடி வடம் பிடிக்கும்.

இன்னும் கொஞ்ச தூரம் போனால் மாமல்லபுரம். அங்கேயும் தேர்கள் இருக்கின்றன. ஆனால், அவை ஓடுவது இல்லை. சக்கரமே கிடையாது. எல்லாம் கல்!

சின்னத் தேர்

"பஞ்ச பாண்டவர் ரதம்" என்று அவற்றைச் சொல்கிறோம். உண்மையில் பாண்டவர்களுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. அந்தப் பெயர் பின்னால் வந்தது. 7-ம் நூற்றாண்டில் பல்லவர்கள் பாறையைக் குடைந்து செய்த கோவில்கள் அவை.

ஐந்தில் பெரியது தருமராஜ ரதம். உயரம் சுமார் 35 அடி. அடுக்கு அடுக்காக மாடங்கள். பார்க்கப் பார்க்கப் பிரமிப்பு!

ஐந்தில் சின்னது திரௌபதி ரதம். சுமார் 18 அடிதான். கூரை வேய்ந்த குடிசை போல இருக்கும். உள்ளே துர்க்கை. வாசலின் இரு பக்கமும் காவல் பெண்கள். எதிரே சிங்கம்.

கூரையைக் கவனித்துப் பாருங்கள். ஓரத்திலும் மூலையிலும் மட்டும்தான் பூ வேலை. மற்ற இடம் எல்லாம் வெறும் கல். வழவழப்பான வளைவு.

சிற்பிக்கு வேலை தெரியாதா? பக்கத்திலேயே தருமராஜ ரதம் இருக்கிறதே! வேலை தெரிந்துதான் நிறுத்தினார்கள். குடிசைக்குக் குடிசையின் அழகு போதும் என்று விட்டார்கள். அதனால்தான் அந்தச் சின்னத் தேரை விட்டுக் கண் நகர மறுக்கிறது.

கீழே பாரம், மேலே லேசு

இது கல் தேர். அசையாது. ஓடும் தேருக்கோ, அடக்கம் என்பது அழகு மட்டும் அல்ல. உயிர்க் காவலும் கூட!

மரத் தேரைப் பாருங்கள். சிற்பம் எல்லாம் எங்கே இருக்கிறது? கீழே, பீடத்தில். தேக்கு, இலுப்பை போன்ற கனமான மரத்தில் யாளி, குதிரை, சாமி உருவங்களைச் செதுக்கி இருப்பார்கள்.

மேலே என்ன? மூங்கிலும், கயிறும், துணியும்தான். துணியால் செய்த தொம்பைகள் காற்றில் ஆடும். திருவிழா முடிந்ததும் அவிழ்த்து வைத்துவிடுவார்கள்.

திருவாரூர் ஆழித்தேரின் உயரம் 96 அடி. அதில் செதுக்கிய மரப் பீடம் சுமார் 30 அடிதான். அதற்கு மேல் பெரும் பகுதி மூங்கில் கட்டுமானம்.

ஏன் இப்படி? கீழே பாரம் இருந்தால் தேர் நிற்கும். மேலே பாரம் ஏறினால் தேர் சாயும். வீதி திரும்பும்போது முட்டுக்கட்டை போட்டுத்தான் தேரைத் திருப்புகிறார்கள். "எனக்கு முட்டுக்கட்டை போடாதே" என்று வீட்டில் சொல்கிறோமே, அதே கட்டைதான்! அந்த நேரத்தில் தேர் குலுங்கும். தலை லேசாக இருந்தால்தான் பிழைக்கும்.

மேலேயும் சிற்பம் வைத்தால் என்ன என்ற ஆசை, தேர் செய்த ஆசாரிக்கும் இருந்திருக்கும். ஆனால், கீழே வடம் பிடிக்கும் ஆயிரம் பேரை நினைத்து, கையை அடக்கிக்கொண்டார்.

11 உயிர்கள்

பழைய காலத்தில் தேரின் தலைக்கு மேலே வானம்தான் இருந்தது. இன்று மின்சாரக் கம்பி இருக்கிறது.

2022-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந்தேதி அதிகாலை. தஞ்சாவூர் அருகே களிமேடு கிராமத்தில் அப்பர் திருவிழா. வீதியில் வந்த தேர், உயர் அழுத்த மின்கம்பியில் உரசியது. 11 பேர் மாண்டார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு.

சாமி பார்க்க வந்த பிள்ளைகள்! நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

தேர் கட்டுகிறவர்கள் இனி கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. அளவு கோலாலும் பார்க்க வேண்டும். தேர் வரும் வீதியில் கம்பி எந்த உயரத்தில் இருக்கிறது? தேரின் உச்சி எந்த உயரம்? இந்த இரண்டையும் அளந்த பிறகே அலங்காரம். ஓர் அடுக்கு குறைந்தால் சாமி கோபிக்க மாட்டார்.

நம் வண்டியும் அப்படியே

தேருக்குச் சொன்னது நம் வீட்டு வண்டிக்கும் பொருந்தும். புதுக் கார் வாங்கியதும் சிலர் முன்னால் நான்கு விளக்கு மாட்டுகிறார்கள். பின் கண்ணாடி முழுவதும் படம் ஒட்டுகிறார்கள். எதிரே வருபவருக்குக் கண் கூசுகிறது. ஓட்டுபவருக்குப் பின்னால் வருவது தெரிவது இல்லை.

அடுத்த முறை குடும்பத்துடன் மாமல்லபுரம் போனால், பெரிய ரதத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அந்தச் சின்ன ரதத்தின் முன்னால் பிள்ளைகளை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். வெறுமையாக விட்ட அந்தக் கூரையைக் காட்டுங்கள்.

"எல்லாம் தெரிந்தவன், எங்கே நிறுத்த வேண்டும் என்றும் தெரிந்திருந்தான்" என்று சொல்லிக் கொடுங்கள்.